அமைதியாக இருக்கிறார்கள் என்று சொல்லாதீர்கள்

"ரொம்ப அமைதியான இடம் சார், ஒரு சத்தம் கேக்காது." மனநலக் காப்பகம் ஒன்றைப் பற்றி யாராவது நல்லவிதமாகச் சொல்ல வந்தால் முதலில் வாயில் வருவது இதுதான். இதைக் கேட்டுத்தான் என் அக்காவை ஓர் இல்லத்தில் சேர்த்தேன். அடுத்த மூன்று வருடம் நானும் பலரிடம் இதையே சொன்னேன். என் பேச்சை நம்பி இரண்டு குடும்பங்கள் தங்கள் வீட்டுப் பெண்களை அங்கே கொண்டுவந்து விட்டன. அந்தக் கணக்கு எனக்குத் தீரவில்லை.

இருபத்திரண்டு பெண்கள் இருந்த இல்லம் அது. ஊருக்கு வெளியே, வேப்பமர நிழலில், பெருக்கித் துடைத்த சிமென்ட் தரையோடு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை 11 மணியிலிருந்து 12 மணிவரை பார்க்கலாம். போகும்போதெல்லாம் அக்கா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். சாப்பிட்டியா என்றால் "ம்". நல்லா பாத்துக்கறாங்களா என்றால் அதற்கும் "ம்". வாங்கிப் போன பன்னைக் கையில் வைத்தால் தின்பாள், வைக்காவிட்டால் கேட்கமாட்டாள். வீட்டில் இருந்தபோது ராத்திரி இரண்டு மணிக்குத் தெருவையே கூட்டியவள். இப்படி அடங்கிப் போனதைப் பார்த்து அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது.

ஒரு ஞாயிறு அவள் போட்டிருந்த நைட்டியின் கழுத்துப் பட்டியில் மார்க்கர் பேனாவால் வேறு ஒரு பெண்ணின் பெயர் எழுதியிருந்தது. ஆயாவைக் கேட்டேன். "எல்லாத்தையும் ஒண்ணாத்தான் தொவைக்கிறோம் தம்பி, கைக்கு வந்தத மாட்டி விடுவோம்" என்றார். அதே மாதம் பேன் என்று சொல்லி முடியையும் ஒட்ட வெட்டிவிட்டார்கள். அக்காவுக்கு இடுப்புவரை முடி. சிறுவயதில் அவள் சீப்பை நான் தொட்டால் அடிப்பாள். அன்றைக்கு வெட்டின தலையை அவள் ஒருமுறை தடவிக்கூடப் பார்க்கவில்லை. அதைத்தான் நான் குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நம்மிடம் வேரோடியிருக்கும் நம்பிக்கை இது: சத்தம் போடுவது நோய், சும்மா இருப்பது சுகம். இது பொய். மனச்சிதைவு நோயில் கத்தலும் சந்தேகமும் காதில் கேட்கும் குரல்களும் ஒரு பாதி. பேச்சு வற்றிப் போவது, எதிலும் நாட்டமில்லாமல் போவது, முகத்தில் உணர்ச்சியே இல்லாமல் ஆவது மறு பாதி. முதல் பாதி அடுத்தவரைத் தொந்தரவு செய்கிறது, அதனால் நாம் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். மறு பாதியால் யாருக்கும் தொந்தரவு இல்லை. அதனால் அதற்கு நற்சான்றிதழ் கொடுத்துவிடுகிறோம்.

அந்த மறு பாதி முழுவதும் நோயின் வேலையும் அல்ல. இங்கிலாந்தில் 1960களில் ஜான் விங், ஜார்ஜ் பிரவுன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மூன்று மனநல மருத்துவமனைகளில் நெடுங்காலமாக இருந்த மனச்சிதைவு நோயாளிகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். நோயின் குறிகளோடு அவர்கள் நிற்கவில்லை. நோயாளிக்குச் சொந்தமாகச் சீப்பு இருக்கிறதா, பல் துலக்கும் பிரஷ் இருக்கிறதா, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஒன்றுமே செய்யாமல் கழிகிறது என்றெல்லாம் எண்ணிக் குறித்தார்கள். எங்கே வாழ்க்கை வறண்டு கிடந்ததோ அங்கே பேச்சும் உணர்ச்சியும் அதிகம் வறண்டிருந்தன. தேறியவர்களிடம் எல்லாவற்றையும்விட அழுத்தமாகத் தெரிந்த மாற்றம் ஒன்றுதான்: சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம் குறைந்திருந்தது. அந்த ஆய்வு 1970இல் புத்தகமாகவே வந்துவிட்டது. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் நம் ஊர் இல்லங்களில் வராந்தா பெஞ்ச்தான் சிகிச்சை.

மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருந்தே கூடாது என்பவன் அல்ல நான். மருந்து இல்லாமல் அக்கா பட்ட பாட்டைப் பார்த்தவன். ஆனால் நோய்க்குக் கொடுக்கும் அளவு வேறு, வார்டை அடக்கக் கொடுக்கும் அளவு வேறு. ஹாலோபெரிடால் கூடிப் போனால் உடம்பு விறைக்கும், கை நடுங்கும், முகம் பொம்மை மாதிரி ஆகிவிடும். ஒலான்சபின் உடல் எடையையும் சர்க்கரையையும் ஏற்றிவிடலாம். குளோசபின் கொடுத்தால் தொடக்க மாதங்களில் வாராவாரம் ரத்தத்தில் வெள்ளையணுக்களை எண்ணியாக வேண்டும். அக்காவுக்கு மூன்று வருடத்தில் ஒருமுறைகூட ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. குளியலறையில் மயங்கி விழுந்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதுதான் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. அவள் தாகம் என்று சொல்லவில்லையா என்று கேட்டேன். "ஒண்ணும் கேக்கவே மாட்டாங்க தம்பி, தங்கமான கேஸு" என்றார் ஆயா.

அந்த ஆயாமேல் எனக்குக் கோபம் இல்லை. ராத்திரியில் இருபத்திரண்டு பேருக்கு அவர் ஒருவர்தான். எட்டுப் பேர் தூங்காமல் எழுந்தால் அவர் என்ன செய்வார்? அமைதி அவருக்கு வேண்டியிருந்தது. சம்பளத்தில் மிச்சம் பிடித்த நிர்வாகத்துக்கும் வேண்டியிருந்தது. எங்களுக்கும் வேண்டியிருந்தது. அது வேண்டாத ஒரே ஆள் அக்கா. அவளை யாரும் கேட்கவில்லை.

"பெரிய ஆஸ்பத்திரிதான் சார் கொட்டடி, சின்ன இடம்னா வீடு மாதிரி" என்பார்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் எரிந்தது பெரிய ஆஸ்பத்திரி அல்ல, தனியார் நடத்திய ஒரு சின்ன இல்லத்தின் கொட்டகை. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியில் பிணைத்திருந்ததால் ஓடித் தப்ப முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். அவர்களையும் யாரோ ஒரு அண்ணனோ தம்பியோதான் 'இங்கே பார்த்துக்கொள்வார்கள்' என்று நம்பி விட்டுப் போயிருப்பான். இடம் சின்னதாக இருப்பதால் மட்டும் அது வீடாகிவிடாது. சின்ன இடத்தில் கண்காணிக்கும் கண்களும் குறைவு.

2017இல் நிறைவேறி அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அடுத்தபடியாக உள்ள சின்னச் சின்ன விஷயங்கள். கட்டாயப்படுத்தி மொட்டை அடிக்கக் கூடாது. விரும்பினால் சொந்த உடையை உடுத்தலாம். வேலை வாங்கினால் கூலி கொடுக்க வேண்டும். பார்க்க வருபவரைப் பார்க்கவும், பார்க்க மறுக்கவும், போனில் பேசவும் உரிமை உண்டு. நைட்டியையும் தலைமுடியையும் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்து சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது என்றால் வெளியே நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒட்ட வெட்டுவது மொட்டை ஆகாது என்று சிலர் வாதாடலாம். அவர்கள் வந்து என் அக்காவின் தலையைப் பார்த்துவிட்டு வாதாடட்டும்.

"வீட்ல வச்சுப் பாக்க முடியாமத்தானே விட்டோம், குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை?" என்று என் மாமா கேட்டார். பல குடும்பங்களின் வாயைக் கட்டிப்போடுவது இந்தக் குற்ற உணர்ச்சிதான். முடியாமல் போவது பாவம் இல்லை. தூக்கமில்லாமல் பத்து வருடம் பார்த்த அம்மாவுக்கு ஓய்வு வேண்டும். ஆனால் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்தோம் என்பதற்காகக் கேள்வி கேட்கும் பொறுப்பையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டியதில்லை.

அக்கா இப்போது எட்டுப் பேர் இருக்கும் வேறொரு வீட்டில் இருக்கிறாள். டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். நான்காவது மாதம் அங்கிருந்து போன் வந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. "பயப்படாதீங்க தம்பி, நல்ல சேதிதான்" என்றார் அங்கே பொறுப்பில் இருக்கும் அம்மா. "சாம்பார்ல உப்பே இல்ல, யாரு ஆக்கினதுன்னு இன்னைக்குச் சண்ட போட்டாங்க. நாளைக்கு நீங்களே ஆக்குங்கன்னு சொல்லிட்டோம்." மறுநாள் ஆக்கினாளாம், உப்பு கரித்ததாம். அதற்கு மற்றவர்கள் சண்டை போட்டார்களாம். அவளுக்குக் குரல்கள் இன்னும் கேட்கின்றன. சில ராத்திரிகள் மோசமாகவே போகின்றன. ஆனால் அந்தச் சண்டையைச் சேதியாகச் சொல்ல அங்கே ஒருவர் இருக்கிறார்.

இது எங்கோ ஓரிடத்தில் தப்பித் தவறி நடக்கும் அதிசயம் இல்லை. 1993இல் சென்னையில் தொடங்கிய பேன்யன் அமைப்பு 2015 முதல், காப்பகத்தில் பல காலம் இருந்தவர்களை நாலைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு எடுத்துக் குடியமர்த்தி, உதவிக்கு ஆளும் வைத்து நடத்திக் காட்டியிருக்கிறது. அப்படி ஒரு வீட்டில் பால் வாங்கவும் காய் நறுக்கவும் ஆள் வேண்டும். சும்மா இருக்க நேரம் ஏது?

ஆகவே ஓர் இல்லத்தைப் பார்க்கப் போனால் ஞாயிறு 11 மணிக்குப் போகாதீர்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் போங்கள். சுவரில் எத்தனை பிரஷ் தொங்குகிறது என்று எண்ணுங்கள். கடைசியாக ரத்தம் எடுத்த தேதியைக் கேளுங்கள். யாரையாவது காட்டி இவருக்கு என்ன பிடிக்கும் என்று கேளுங்கள். "எதக் குடுத்தாலும் சாப்பிடுவாங்க" என்று பதில் வந்தால் வெளியே வந்துவிடுங்கள். ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் கட்டிலையும் கழிப்பறையையும் தீயணைக்கும் கருவியையும் எண்ணட்டும், ஏர்வாடிக்குப் பிறகு அது கட்டாயம் வேண்டும். கூடவே நாலு பேரோடு தனியாக உட்கார்ந்து பேசிவிட்டும் போகட்டும்.

நான் சொல்லிச் சேர்த்த அந்த இரண்டு குடும்பங்களையும் தேடிப் போய் நடந்ததைச் சொன்னேன். ஒருவர் அந்த வாரமே தன் மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார். இன்னொருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்பத்தான் அவ அமைதியா இருக்கா தம்பி, அதக் கெடுத்துடாதீங்க" என்றார். அவர் இன்னும் ஞாயிற்றுக்கிழமைதோறும் 11 மணிக்கு அங்கே போகிறார்.