கேபிளுக்கும் ஒரு குட்டித் தூக்கம்!

எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிவிட்ட அலுவலகம். லைட், ஃபேன், ஏசி எல்லாம் ஆஃப். ஆனால், மூலையில் இருக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் மட்டும் ஓய்வதில்லை. கம்ப்யூட்டர்களை கேபிள் மூலம் இணைக்கும் இந்தப் பெட்டியின் போர்ட்டுகள், அனுப்ப டேட்டா எதுவும் இல்லாதபோதும் மறுமுனைக்கு சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அதற்கும் மின்சாரம் செலவாகும்.

இதைக் குறைக்க 2010-ல் வந்ததுதான் 'எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்', சுருக்கமாக இ.இ.இ. டேட்டா வராத இடைவெளியில் போர்ட் குட்டித் தூக்கம் போடும், வந்ததும் விழித்துக்கொள்ளும். ஜிகாபிட் இணைப்பில் விழிக்க ஆகும் நேரம், ஒரு நொடியில் 10 லட்சத்தில் சுமார் 17 பங்குதான்! கேபிளின் இரு முனையில் உள்ள கருவிகளிலும் இந்த வசதி இருக்க வேண்டும்.

ஒரு போர்ட்டில் மிச்சமாவது பெரும்பாலும் ஒரு வாட்டுக்கும் குறைவு. நூற்றுக்கணக்கான போர்ட்டுகள் உள்ள கல்லூரியில் அதுவே சிறுதுளி பெருவெள்ளம்.

ஆனால், எல்லா இடத்துக்கும் இது சரிவராது. அரங்குகளில் நெட்வொர்க் வழியே ஒலியைக் கொண்டுசெல்லும் 'டான்டே' போன்ற சிஸ்டங்களுக்கு நேரத் துல்லியம் உயிர்நாடி. போர்ட் கண் அசந்தால், கச்சேரி நடுவே ஒலி விட்டுவிட்டு வரலாம். அங்கே இ.இ.இ-யை ஆஃப் செய்வதே நல்லது.

உங்கள் வீட்டில் வைஃபை நன்றாக இருந்தும், கேபிள் இணைப்பு மட்டும் அடிக்கடி துண்டிக்கப்படுகிறதா? புது கேபிள் வாங்கும் முன், விண்டோஸ் 'டிவைஸ் மேனேஜ'ரில் நெட்வொர்க் அடாப்டரைத் திறந்து, 'அட்வான்ஸ்டு' பகுதியில் இந்த வசதி இருந்தால் அணைத்துப் பாருங்கள். சரியானால் அப்படியே விடலாம். இல்லையென்றால், மறக்காமல் ஆன் செய்துவிட்டு கேபிளைக் கவனியுங்கள்!