ஓடச் சொல்வோரின் கடமை

கேரளத்தின் தென்கோடியில், தமிழகத்தின் களியக்காவிளையை ஒட்டி அமைந்துள்ளவை பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரக் கிராமங்கள். பொழுது புலரும் முன்பே இப்பகுதிச் சாலைகளில் இளைஞர்கள் ஓடத் தொடங்கிவிடுகிறார்கள். பதக்கக் கனவில் ஓடுபவர்கள் அல்லர் இவர்கள். காவல் துறையிலோ, துணை ராணுவப் படைகளிலோ, ராணுவத்திலோ ஓர் இடம் கிடைத்தால் குடும்பம் கரையேறும் என்ற நம்பிக்கையில், உடற்தகுதித் தேர்வுக்காக ஓடுபவர்கள். ஒருவர் கையில் கடிகாரம். மற்றவர்கள் அவர் சொல்லும் நொடிக் கணக்குக்காக ஓடிக் கொண்டிருக்கிறார்கள்.

இந்த எல்லையின் கதை தமிழ் வாசகர்கள் அறிந்ததே. மார்ஷல் நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், நெய்யாற்றின்கரையையும் சேர்த்தே கேட்டது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. அந்தப் பழைய வழக்கை மீண்டும் கிளறுவது நமது நோக்கமல்ல. ஆனால், அன்று வரையப்பட்ட கோட்டின் இருபுறமும் இன்று ஓடிக் கொண்டிருக்கும் இளைஞர்களுக்கு இரு அரசுகளும், மத்திய அரசும் வைத்திருக்கும் அளவுகோல்களைச் சற்று அருகருகே வைத்துப் பார்ப்பது தேவையாகிறது.

களியக்காவிளையில் வசிக்கும் இளைஞர் தமிழகச் சீருடைப் பணியாளர் தேர்வுக்குச் சென்றால் 1,500 மீட்டரை 7 நிமிடங்களில் ஓடி முடிக்க வேண்டும். இதில் தவறினால் அடுத்த கட்டமே இல்லை. கூப்பிடு தூரத்தில் இஞ்சிவிளையில் இருப்பவர் கேரளக் காவல் பணிக்குச் சென்றால், அதே 1,500 மீட்டருக்கு 5 நிமிடம் 44 நொடிகள்தான். ஆனால் அது எட்டுப் போட்டிகளில் ஒன்று. எட்டில் ஐந்தில் தேறினால் போதும். இருவருமே மத்திய ஆயுதக் காவல் படைகளுக்கு விண்ணப்பித்தால் 5 கி.மீ. தூரத்தை 24 நிமிடங்களில் கடக்க வேண்டும். அக்னிவீரர் தேர்வில் முழு மதிப்பெண் பெற 1.6 கி.மீ. தூரத்துக்கு ஐந்தரை நிமிடம். ஒரே இளைஞர் ஒரே ஆண்டில் இவற்றில் மூன்றுக்கு விண்ணப்பிக்கிறார். விரைவோட்டத்துக்கான பயிற்சி வேறு, நெடுந்தூர ஓட்டத்துக்கான பயிற்சி வேறு என்று அவருக்குச் சொல்லித் தர ஆளில்லை. எந்தத் தேர்வுக்கு முதலில் அழைப்பு வருகிறதோ அதற்கேற்ப அவசர அவசரமாக உடலை மாற்றிக் கொள்ள முயல்கிறார்.

இந்த அவசரத்தின் விலை என்ன என்பதை 2024-இல் ஜார்க்கண்ட் காட்டியது.

அங்கு 583 கலால் காவலர் பணியிடங்களுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உடற்தகுதித் தேர்வுக்கு வந்தார்கள். ஆகஸ்ட் 22-ஆம் தேதி தொடங்கிய அந்தத் தேர்வில் ஆண்கள் 10 கி.மீ. தூரத்தை 60 நிமிடங்களில் ஓட வேண்டும் என்பது விதி. சில நாட்களிலேயே பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் உயிரிழந்தனர். பலாமு மாவட்டத்தில்தான் உயிரிழப்பு அதிகம். பிறகு நடந்தது நம் நாட்டு அரசியலுக்குப் பழகிய காட்சி. நிர்வாகச் சீர்கேடு என்றது எதிர்க்கட்சி. விதிகள் முந்தைய ஆட்சியில் வகுக்கப்பட்டவை என்றது ஆளுங்கட்சி. கொரோனா தடுப்பூசியின் மீதும் பழி சுமத்தப்பட்டது. இறந்தவர்களில் சிலர் ஊக்க மருந்து உட்கொண்டிருக்கலாம் என்ற ஐயம் அதிகாரிகள் தரப்பில் எழுப்பப்பட்டது. தேர்வு சில நாட்கள் நிறுத்தி வைக்கப்பட்டு, காலை 9 மணிக்குப் பிறகு ஓட்டம் கூடாது என்று முதல்வர் உத்தரவிட்டார். ஓட்டத்தின் தூரமும் பின்னர் 1.6 கி.மீ. ஆகக் குறைக்கப்பட்டது.

தூரத்தைக் குறைத்ததைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மணிக்கு 10 கி.மீ. வேகம் என்பது முறையாகப் பயிற்சி பெற்ற ஓட்டக்காரருக்குப் பெரும் சாதனையல்ல. அக்னிவீரர் தேர்வின் 1.6 கி.மீ. ஓட்டத்தில் கேட்கப்படும் வேகம் மணிக்கு 17 கி.மீ.க்கும் அதிகம். பத்து என்ற எண் மட்டுமே அந்த இளைஞர்களைக் கொன்றுவிடவில்லை. பயிற்சியில்லாத, பல மணி நேரம் வரிசையில் நின்று களைத்த, உறக்கமும் உணவும் சரியாக இல்லாத உடல்களை ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் அந்த எண்ணுக்குள் தள்ளியதுதான் கொன்றது. தூரத்தை மட்டும் குறைத்துவிட்டு மற்ற அனைத்தையும் அப்படியே விட்டால், அடுத்த மரணம் குறுகிய தூரத்திலும் நேரும்.

உடலின் தாங்குதிறன் ஒரு வாரத்தில் வருவதல்ல. மூச்சும் இதயமும் சில வாரங்களில் தேறிவிடும். எலும்பும் தசைநாணும் அவற்றைவிட மெதுவாகவே உரமேறும். ஆகவேதான் ஓடும் தூரத்தை வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டலாகாது என்ற பழைய கணக்கு பயிற்சியாளர்களிடம் உண்டு. வெப்பத்துக்குப் பழகுவதற்கும் தனியாகப் பத்து முதல் பதினான்கு நாட்கள் தேவை. அந்த நாட்களில்தான் உடல் விரைவாக வியர்க்கவும், வியர்வையில் உப்பை அதிகம் இழக்காதிருக்கவும் கற்றுக் கொள்கிறது. திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்டங்களின் கடலோரப் பகுதிகளுக்கு மற்றுமொரு சிக்கல் உண்டு. இங்கு வெப்பமானி காட்டும் அளவு வட மாநிலங்களைவிடக் குறைவு. ஆனால் காற்றில் ஈரம் மிகுதி என்பதால் வியர்வை உலர்வதில்லை. உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதுமில்லை. வெயில் இல்லையே என்று மேகமூட்டமான காலையில் ஓடுபவரும் மயங்கி விழக்கூடும்.

அப்படி விழுந்தவரின் உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தால், ஒவ்வொரு நிமிடமும் உயிருக்கு விலை. முதலில் குளிர்விக்க வேண்டும், அதன் பிறகே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவத்தின் பாடம். பெரிய தொட்டி நிறைய பனிக்கட்டி கலந்த நீர், உடல் வெப்பத்தை அளக்கும் கருவி, இரண்டையும் பயன்படுத்தத் தெரிந்த ஒருவர் ஆகியவை அரை மணி நேரத்துக்குள் கிடைத்தால் பெரும்பாலானோர் பிழைத்துவிடுகிறார்கள். இதற்கு ஆகும் செலவு, தேர்வுத் திடலில் போடப்படும் பந்தலின் செலவைவிட அதிகமாக இருக்காது. ஆம்புலன்ஸ் நிறுத்தி வைத்திருந்தோம் என்ற விளக்கம் இங்கு போதுமானதல்ல.

மேலை நாடுகள் இதில் தவறே செய்யாதவை என்று எண்ண வேண்டாம். பிரிட்டனின் வேல்ஸ் மலைப்பகுதியில் 2013 ஜூலையில் நடந்த சிறப்புப் படைத் தேர்வு நடைப் பயிற்சியில் கடும் வெப்பத்தால் மூவர் உயிரிழந்தனர். சீனாவின் கான்சு மாகாணத்தில் 2021 மே மாதம் நடந்த 100 கி.மீ. மலையோட்டத்தில், திடீரென வீசிய குளிர்காற்றிலும் மழையிலும் சிக்கி 21 பேர் மாண்டனர். அவர்களில் தேர்ந்த ஓட்டக்காரர்களும் இருந்தார்கள்.

முன்கூட்டிய ஆயத்தத்தின் அருமை நமது ராணுவத்துக்குத் தெரியாததல்ல. இமயத்தின் உயரமான பகுதிகளுக்கு அனுப்பப்படும் வீரர்களை ஆறு நாள், நான்கு நாள், மேலும் நான்கு நாள் என மூன்று கட்டங்களாக உயரத்துக்குப் பழக்கிய பிறகே பணியில் நிறுத்துவது அங்கு நெடுநாள் வழக்கம். மத்திய ஆயுதக் காவல் படைத் தேர்வுகளிலும் லடாக் பகுதி விண்ணப்பதாரர்களுக்கு 5 கி.மீ.க்குப் பதிலாக 1.6 கி.மீ. ஓட்டமே வைக்கப்பட்டிருக்கிறது. இடத்தின் இயல்பு உடலைப் பாதிக்கும் என்று விதி எழுதியவர்கள் ஒப்புக்கொண்டதன் அடையாளம் இது. உயரத்துக்கு அளித்த இந்த மதிப்பை வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் ஏன் அளிக்கவில்லை என்பதே நமது கேள்வி. படையில் சேர்ந்துவிட்டவரின் உடலுக்கு அரசு பொறுப்பேற்கிறது. வாசலில் நிற்பவரின் உடலோ யாருடைய பொறுப்பும் இல்லை.

கேரளத் தொழிலாளர் துறை கோடைக் காலத்தில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று ஆண்டுதோறும் உத்தரவிடுகிறது. பாராட்டத்தக்க நடைமுறை. ஆனால் அந்த உத்தரவின் நிழல் தேர்வுத் திடலை எட்டுவதில்லை.

அடுத்து, எங்கே பயிற்சி செய்வது என்பது. பாறசாலை வட்டாரம் ரப்பர்த் தோட்டங்களும் வாழைத் தோப்புகளும் நெருக்கமான வீடுகளும் கொண்ட பகுதி. பரந்த வெளி என்பது அரிது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மண் என்பதால், இருக்கும் திடல்களும் ஆண்டில் பல மாதங்கள் சேறாகிவிடும். எஞ்சுவது தார்ச்சாலை. முழங்காலுக்கு ஆகாத அந்தச் சாலையில், இருட்டில், லாரிகளுக்கும் தெருநாய்களுக்கும் நடுவே ஓட வேண்டியிருக்கிறது. இளைஞர்களாவது இதைச் சமாளிக்கிறார்கள். காவல் பணிக்கு விண்ணப்பிக்கும் பெண்களை அதிகாலை நான்கரை மணிக்குத் தனியே சாலையில் ஓட எந்தக் குடும்பம் அனுப்பும்? விளையாட்டுத் திடல் இல்லாத பள்ளிகளை மூடவும் தயங்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் கண்டிப்புடன் கூறியது. ஊராட்சிக்கு ஒரு விளையாட்டுத் திடல் என்ற திட்டத்தை அம்மாநில அரசும் மேற்கொண்டது. தமிழக அரசோ அதே ஆண்டில் ஊராட்சிகளுக்கு கலைஞர் பெயரில் விளையாட்டு உபகரணத் தொகுப்புகளை வழங்கியது. மட்டையும் பந்தும் வந்துவிட்டன. அவற்றைக் கொண்டு விளையாட இடமும், சொல்லித் தர ஆளும் எல்லா ஊர்களிலும் இருக்கின்றனவா என்பதை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

இந்த வெற்றிடத்தைத் தனியார் பயிற்சி மையங்கள் நிரப்புகின்றன. அவற்றில் நல்லவையும் உண்டு. நாற்பது நாளில் வேலை உறுதி என்று விளம்பரம் செய்பவையும் உண்டு. பின்னவை தரும் அறிவுரைகளில் ஆபத்தானவை பல. வலி மாத்திரையைப் போட்டுக் கொண்டு ஓடினால், நீர் வற்றிய உடலில் சிறுநீரகம் பாதிக்கப்படும். ஊக்கம் தருவதாகச் சொல்லி விற்கப்படும் சில பானங்களும் ஊசிகளும் உடல் வெப்பத்தைக் கூட்டி இதயத்தைப் பந்தயக் குதிரையாக்கிவிடும். காய்ச்சலோடு ஓடக் கூடாது என்ற எளிய செய்திகூடப் பலருக்கு எட்டுவதில்லை. எட்டினாலும், அடுத்த வாய்ப்புக்குள் வயது வரம்பு தாண்டிவிடும் என்ற அச்சம் அதைக் கேட்க விடுவதில்லை.

கேரளம் 2010-இல் தொடங்கிய மாணவர் காவல் படைத் திட்டம், 2018-இல் மத்திய அரசால் நாடு முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. எட்டாம் வகுப்பிலேயே அணிவகுப்பும் உடற்பயிற்சியும் கற்பிக்கும் ஏற்பாடு அது. அதே திடல்களையும் பயிற்றுநர்களையும் காலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை வேலை தேடும் இளைஞர்களுக்கும் திறந்துவிடுவதில் என்ன தடை? அக்னிவீரர் எழுத்துத் தேர்வைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுத 2025-இல் வழி செய்யப்பட்டது. பன்னிரண்டு வாரப் பயிற்சி முறையை விளக்கும் சிறு கையேடு ஒன்றையும் அதே மொழிகளில் ஆள்சேர்ப்பு அறிவிப்புடன் வெளியிடலாம். அறிவிப்புக்கும் ஓட்டத்துக்கும் இடையே அந்தப் பன்னிரண்டு வாரங்களாவது இருக்க வேண்டும். ஓட்டத்துக்கு முன் மருத்துவர் பார்க்க வேண்டும். காய்ச்சல் கண்டவருக்கு வேறொரு நாள் தர வேண்டும். வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த அளவு வரம்பைத் தாண்டினால் அன்றைய ஓட்டத்தை ஒத்திவைக்கும் அதிகாரம் திடலில் இருக்கும் மருத்துவருக்கு இருக்க வேண்டுமே தவிர, பட்டியலை முடிக்க வேண்டிய அவசரத்தில் இருக்கும் அதிகாரிக்கு அல்ல.

பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் திருவனந்தபுரம் மக்களவைத் தொகுதியில் அடங்கியவை. எல்லைக்கு அப்பால் கன்னியாகுமரித் தொகுதி. இரு தொகுதிகளின் உறுப்பினர்களும் சேர்ந்து நாடாளுமன்றத்தில் உள்துறை, பாதுகாப்புத் துறை அமைச்சர்களிடம் ஒரு கேள்வியை எழுப்பலாம். கடந்த பத்து ஆண்டுகளில் மத்தியப் படைகளின் உடற்தகுதித் தேர்வுகளில் மயங்கி விழுந்தோர் எத்தனை பேர், இறந்தோர் எத்தனை பேர், அவர்களின் குடும்பங்களுக்கு அளிக்கப்பட்டது என்ன? அந்தப் பட்டியலை ஆண்டு வாரியாகவும் தேர்வுத் திடல் வாரியாகவும் அவையின் முன் வைக்கச் சொல்ல வேண்டும்.