புதுப் பூச்சுக்கு அடியில் உள்ள துரு



பழைய ஜீப்பைப் புதுப்பித்து ஓடவைப்பது இஸ்ராஃப், வீண் விரயம் என்று நம்மவருள் சிலர் பேசுகின்றனர். நாம் அதனை ஏற்கவில்லை. துருப்பிடித்துக் கிடந்த இரும்பை உழைப்பால் மீண்டும் பயனுக்குக் கொண்டுவருவது எவ்வாறு விரயமாகும்? நமது கண்டனம் வேறு: புதுப்பித்த வண்டியை விற்கும்போது பேசப்படும் பேச்சின் மீது.

காரைக்குடியில் பழமைக்கு விலை உண்டு. முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் பழைய மரவேலைப்பாடும் எனாமல் பாத்திரமும் தேடி வெளியூரார் வருகின்றனர். செட்டிநாட்டு வீடுகள் சில விடுதிகளாகிவிட்ட இக்காலத்தில், வாசலில் ஒரு பழைய ஜீப் நின்றால் அழகு என்று கருதுவோரும் உளர். அங்கேதான் "போர்க்கால ஜீப், முழுக்க அசல்" என்ற சொல் நுழைகிறது.

இரண்டாம் உலகப்போரில் வில்லிஸ், ஃபோர்டு இரண்டும் சேர்ந்து 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. நம் நாட்டிலோ 1945இல் மஹிந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முஹம்மதும் 'மஹிந்திரா அண்ட் முஹம்மத்' நிறுவனத்தைத் தொடங்கினர். பிரிவினைக்குப் பின் குலாம் முஹம்மத் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். 1948இல் நிறுவனத்தின் பெயரும் மாறிற்று. (இதனை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?) 1947 முதல் வில்லிஸ் ஜீப்புகள் இங்கேயே பூட்டப்பட்டன. ஆகவே நம் ஊர்ப் பட்டறைகளுக்கு வருபவை பெரும்பாலும் போரைக் கண்டவை அல்ல.

அறிந்தோருக்கு வேறுபாடு தெரியும். போர்க்கால ஜீப்பின் தகட்டு முகப்பில் 9 துளைகள். பின்வந்த பொதுமக்கள் ஜீப்பில் 7. முன்பக்கக் குறுக்குச் சட்டம் வில்லிஸில் குழாய் வடிவம். ஃபோர்டில் கவிழ்த்த 'ப' வடிவம். எஞ்சின் 60 குதிரைத்திறன் கொண்ட பெட்ரோல் எஞ்சின், மின்னமைப்பு 6 வோல்ட். 7 துளை முகப்பைக் கழற்றி 9 துளைத் தகட்டை வைத்து, டீசல் எஞ்சினைப் பொருத்தி, ஓட்டை விழுந்த தளத்தின் மேல் பட்டி பூசி, இராணுவப் பச்சை அடித்து, "அசல்" என்று கூறுவதற்குப் பெயர் வியாபாரமா?

மடியில் பாலைத் தேக்கிவைத்து, நிறையக் கறக்கும் ஆடு போலக் காட்டி விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு ஏமாந்து வாங்கியவருக்கு மூன்று நாள் வரை திருப்பித் தரும் உரிமையையும் வழங்கினார்கள். பட்டிக்கும் பெயிண்டுக்கும் இதிலிருந்து விலக்கு எங்கிருந்து வந்தது?

"உள்ளது உள்ளபடி விற்கிறேன், குறைக்கு நான் பொறுப்பல்ல என்று முன்பே சொல்லிவிடுகிறோமே" என்பர். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்தில், கால்நடையின் உள்ளே இருந்து விற்பவரும் அறியாத குறைக்கே அந்த நிபந்தனை பயன்படும், வண்டிக்குப் பயன்படாது. ஹனஃபி மத்ஹபில் அந்நிபந்தனைக்கு இடம் அதிகம்; ஆயினும் அறிந்தே மறைத்த பாவத்தை அது நீக்குவதில்லை. "தொழிலில் எல்லாரும் செய்கிறார்கள்" என்ற வாதத்துக்கு எந்த மத்ஹபிலும் இடமில்லை.

சட்டமும் இதனைப் பார்க்கிறது. 2021இல் வந்த மத்திய விதிப்படி 50 ஆண்டுக்கு மேற்பட்டு, சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரும் மாற்றம் செய்யப்படாத வண்டியே 'விண்டேஜ்' ஆகும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 'வி.ஏ.' வரிசையில் எண். உங்கள் "அசல்" சொல்லை நம்பிப் பணம் கொடுத்தவர் அங்கே போய்த் திரும்பும்போது, அவருடைய இழப்புக்கு யார் பதில் சொல்வது? வேறொரு வண்டியின் சேசிஸ் எண்ணைத் தட்டி, அதன் ஆர்.சி. புத்தகத்தை இதற்குக் கொடுப்பதோ திருட்டுக்கு ஒப்பானது. அந்த வேலைக்குக் கூலி வாங்கும் டிங்கரும் வெல்டரும் தமக்குப் பங்கில்லை என்று எண்ணவேண்டாம்.

வாங்குவோரிடமும் ஒரு சொல். பாதி விலைக்கு "போர்க்கால அசல்" கேட்டு நெருக்கும் செல்வர்களும் இப்பொய்யை வளர்க்கின்றனர்.

பட்டறை வைத்திருக்கும் இளைஞர்களே! பெயிண்ட் அடிக்கும் முன், புதுத் தகடு வைத்த இடங்களையும் வெல்டிங் போட்ட இடங்களையும் கைப்பேசியில் படமெடுங்கள். மாற்றிய எஞ்சின் எது, எந்த ஆண்டினது என்று ஒரு தாளில் எழுதி வாங்குபவரிடம் கொடுங்கள். விலை இறங்குமே என்பீர்கள், ஆம், இறங்கும். சேசிஸ் எண்ணின் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த பிரதியும் அத்துடன் இருக்கட்டும்.