பதினாறு வயதுத் தோளில் எத்தனை மூட்டை?

திருவண்ணாமலையில் செங்கம் சாலைப் பக்கம் அன்று ஒரு பொதுக்கூட்டம். நான் பேசி முடித்தபோது இரவு மணி பத்து. ஒலிபெருக்கி ஓய்ந்தது, கூட்டம் கலைந்தது. கொடிக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு மேடைக் கம்பத்தில் சாய்ந்து நின்றான் ஒரு சிறுவன். நின்றானா? இல்லை, நின்றபடியே உறங்கினான்! தட்டி எழுப்பினேன்.

"என்ன படிக்கிறாய், தம்பி?"

"பிளஸ் டூ, அண்ணே."

"காலையில் எத்தனை மணிக்கு எழுந்தாய்?"

"நாலரைக்கு. அஞ்சரைக்கு டியூஷன்."

"பிறகு?"

"பள்ளிக்கூடம். சாயந்தரம் ஸ்பெஷல் கிளாஸ். அப்புறம் நீட் கோச்சிங். அது முடிஞ்சா அப்பா கடை. இன்னைக்குக் கூட்டம்னு கடைக்குப் போகல."

"படிப்பது எப்போது?"

"இனிமேதான், அண்ணே."

இனிமேல்தான்! ஊர் உறங்கப் போகும் வேளையில் ஏட்டை விரிக்கப் போகிறான், விடியுமுன் மீண்டும் எழப் போகிறான். இடையே எஞ்சுவது நான்கு மணி நேரம். ஆலை முதலாளி இப்படி வேலை வாங்கினால் நாம் என்ன செய்வோம்? கொடி பிடிப்போம், கோஷம் எழுப்புவோம், எட்டு மணி நேர வேலைக்காகச் சிகாகோவில் சிந்திய குருதியை மேடைதோறும் நினைவூட்டுவோம். நம் வீட்டுப் பிள்ளை பதினாறு மணி நேரம் உழைக்கிறான். நாமோ, "பையன் கெட்டிக்காரன், உழைப்பாளி" என்று பெருமை பேசுகிறோம்.

அந்த ஊரின் நிலையையும் சொல்ல வேண்டும். மாதந்தோறும் பௌர்ணமி வருகிறது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுகக் கடைகள் விரிகின்றன. தகப்பன் வியாபாரத்தைப் பார்க்க, மகன் சில்லறையைப் பார்க்க, இரவு கழிகிறது. ஊருக்கு வருமானம், பிள்ளைக்குக் கண்விழிப்பு! கார்த்திகைத் தீபத்தின் இரைச்சல் அடங்கும் முன்னே அரையாண்டுத் தேர்வு வாசலில் வந்து நிற்கிறது. பெண் பிள்ளையாயின் தண்ணீர்க் குடமும் அடுப்பங்கரையும் இந்தப் பட்டியலில் சேரும். அவற்றை வேலையென்று எண்ணுவார்கூட இல்லை.

"நாங்கள் தெருவிளக்கில் படித்தவர்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் பாரம்" என்று அலுத்துக்கொள்ளும் பெரியவர்களை அறிவேன். ஐயா, உங்கள் தெருவிளக்கை வணங்குகிறேன்! ஆனால் அன்று உங்களுக்கு எதிரே நின்றது ஒரு தேர்வு. இன்று பள்ளிப் பொதுத்தேர்வு ஒருபுறம், நீட் மறுபுறம். 2024இல் நீட்டுக்குப் பதிந்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல், எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியவை. பந்தியில் இலை ஒன்று, பசித்தவர் இருபது பேர். கிடைக்காதவனைப் பார்த்து, "உனக்குச் சாப்பிடத் தெரியவில்லை" என்பதா?

உடற்கூறு அறிந்தோர் உரைப்பதைக் கேளுங்கள். பதின்பருவத்தினருக்கு நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் வேண்டும். உறக்கத்துக்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலடோனின் என்னும் சுரப்பு, அந்தப் பருவத்தில் இரவில் பிந்தியே சுரக்கிறது. ஆகவே விடியலில் எழாத பிள்ளை சோம்பேறியல்லன். அவன் உடலின் கடிகாரமே அப்படி. பகலில் படித்ததை மூளை பதிய வைப்பதும் உறக்கத்தில்தான். உறக்கத்தைத் திருடிப் படிப்பது, விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவது போன்றது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், பள்ளிகளைக் காலை எட்டரைக்கு முன் தொடங்காதீர் என்று 2014இல் பரிந்துரைத்தது. கலிஃபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு அதுவே 2022இல் சட்டமாக நடைமுறைக்கு வந்தது. இங்கே எட்டரைக்குள் ஒரு டியூஷனே முடிந்துவிடுகிறது!

அதே ஊரின் பழைய செய்தி ஒன்று. கழகத்தான் இதை எழுதலாமா என்று புருவம் உயர்த்தாதீர். 1896 ஆகஸ்ட் 29ஆம் நாள் மதுரையில் பதினாறு வயது மாணாக்கன் ஒருவன், ஆங்கில இலக்கணப் பாடத்தைத் தண்டனையாக மும்முறை எழுத உட்கார்ந்தான். மூன்றாம் முறை முடியவில்லை; ஏட்டை மூடினான். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கென இருந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பி, செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலையில் வந்து இறங்கினான். அவரைத்தான் உலகம் ரமணர் என்கிறது. அவர் பாடத்துக்கு அஞ்சி வந்தவரல்லர், அவருடைய நாட்டம் வேறு. நான் கேட்பது இவ்வளவே: ஏட்டை மூடிவைத்த அந்தப் பிள்ளையைப் போற்றும் ஊரில், "இன்று முடியவில்லை அப்பா" என்று ஒரு பிள்ளை ஓரிரவு ஏட்டை மூடினால், வீட்டில் ஏன் பூகம்பம்?

என் கதையையும் மறைக்க மாட்டேன். பதினேழு வயதில் பகலில் கல்லூரி, மாலையில் ஊர் ஊராய்ப் பேச்சு, நள்ளிரவு வரை நாடக ஒத்திகை. எதையும் விட மனமில்லை. விடு என்று சொல்லவும் ஆளில்லை. தேர்வுக் கூடத்தில் வினாத்தாளின் மேலேயே உறங்கிப்போனேன். பட்டம் பெறாமல் வெளியேறினேன். மேடைகளில் அதை வீரமாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கியதுண்டு. அது வீரமன்று தோழர்களே, வெறும் களைப்பு!

அரசுகள் ஒன்றும் செய்யவில்லை என்று கூறேன். மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் வெளியிடும் வழக்கம் தமிழ்நாட்டில் 2017இல் நின்றது. 2017–18இல் புகுந்த பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025–26 முதல் நீங்கியது. பயிற்சி மையங்கள் நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வகுப்பு நடத்தலாகாது என்று ஒன்றிய அரசு 2024இல் நெறிமுறை வகுத்தது. நல்லது. ஆனால் டியூஷனுக்குப் பணம் கட்டுவது அரசன்று, நாம். கொடிக்கயிற்றைப் பையன் கையில் கொடுத்ததும் நாம்தான்!

எனவே கிளைச் செயலாளர்களே, முதலில் உங்களிடம் கேட்கிறேன். பள்ளிப் பிள்ளைகளை இரவுக் கூட்டத்துக்கும் சுவரெழுத்துக்கும் அழைக்காதீர். தேர்வுக் காலத்தில் ஆர்வத்தோடு அவர்களே வந்தாலும் திருப்பி அனுப்புங்கள். வீட்டில் ஒரு தாளை எடுத்து, பிள்ளை நாள் முழுதும் செய்பவற்றை அவனையே எழுதச் சொல்லுங்கள். உறக்கத்தை முதல் வரியில் எழுதட்டும். எதை அடிக்கலாம் என்பதையும் அவனே சொல்லட்டும். அவன் அடித்த பிறகு, "இது மட்டும் இருக்கட்டுமே" என்று இழுக்காதீர். பேச்சு குறைந்து, சோறு இறங்காமல், எதிலும் பற்றற்று இருக்கிறானா? அதட்டாதீர், அருகில் அமருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி மனநல ஆலோசனை கிடைக்கிறது. அழைப்பதில் இழிவில்லை, காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போகிறோம் அல்லவா?

அன்றிரவு அந்தப் பையனிடமிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டேன். "இன்று படிக்காதே, போய்ப் படு" என்றேன். நம்பாமல் கிளைச் செயலாளர் முகத்தைப் பார்த்தான். அவரும் தலையசைத்த பிறகே சைக்கிளை எடுத்தான். மடக்க வேண்டிய நாற்காலிகள் அறுபது இருந்தன. நானும் அவரும் மடக்கினோம்.