வானத்து வாத்தியாருக்கு மட்டும் ஊருக்கொரு நியாயமா?

பூந்தமல்லி ஆர்டிஓ ஆபீஸ்ல வாங்கின லைசென்சை வச்சு காஷ்மீர்ல கார் ஓட்டலாம். விமானம் ஓட்டக் கத்துக்கொடுக்குற வாத்தியார் நாட்டு எல்லையைத் தாண்டினா, கையில இருக்குற காகிதத்தோட மதிப்பே மாறிடுது மக்களே.

அமெரிக்காவுல 'சிஎஃப்ஐ'ன்னா சான்றிதழ் பெற்ற பயிற்றுநர். சுமார் 250 மணி நேரம் பறந்து கமர்சியல் லைசென்ஸ் எடுத்து, பயிற்றுநர் தேர்விலும் தேறிட்டா போதும். எந்தப் பள்ளியிலும் சேராம, முதல் நாள்லேர்ந்தே மாணவனைத் தனியா பறக்க அனுப்பக் கையெழுத்துப் போடலாம்.

நம்ம நாட்டுல அதே மூணு எழுத்துக்குத் தலைமைப் பயிற்றுநர்னு அர்த்தம். 2021 நவம்பர் வரைக்கும் பயிற்சிப் பள்ளிகள்ல பறப்புக்கு அனுமதி தர்ற அதிகாரம் அவருக்கும் அவரோட துணைக்கும் மட்டும்தான். ரெண்டு பேரும் லீவுன்னா? பீஸ் கட்டின பசங்க வெயில்ல காய வேண்டியதுதான். அப்புறம்தான் விதியைத் திருத்தி மத்த பயிற்றுநர்களுக்கும் கொடுத்தாங்க.

ஐரோப்பாவுல வேற கணக்கு. புது வாத்தியார் மூத்தவர் மேற்பார்வையிலதான் பாடம் நடத்தணும். மாணவனோட முதல் தனிப் பறப்புக்கு அவர் அனுமதி தர முடியாது. 100 மணி நேரம் கத்துக்கொடுத்து, மாணவர்களோட 25 தனிப் பறப்புகளையாவது மேற்பார்வை பார்த்தாதான் கட்டு அவிழும்.

என் ஓட்டு இதுக்குத்தான். அமெரிக்கா தேர்வைப் பார்க்குது, நாம ரொம்ப நாளா நாற்காலியைப் பார்த்தோம். ஐரோப்பா எவ்வளவு கத்துக்கொடுத்தார்னு பார்க்குது. நல்லா ஓட்டுறவர் எல்லாம் நல்லா கத்துக்கொடுப்பார்னு இல்லீங்க. அதனாலதானே நம்ம விமானப்படை தாம்பரத்துல பயிற்றுநர்களுக்குன்னே தனிப் பள்ளி நடத்துது?

'ஒவ்வொரு நாட்டுக்கும் சட்டம் வேற, வானிலை வேற'ம்பீங்க. சரிதான். விமானம் எந்த நாட்டுப் பதிவோ, அந்த நாடு கொடுத்த அல்லது ஏத்துக்கிட்ட லைசென்ஸ் வேணும்னு 1944 சிகாகோ உடன்படிக்கையே சொல்லுது. உள்ளூர் விதியில பரீட்சை வைங்க, கூட உட்கார்ந்து பறந்து பாருங்க. ஆனா ஆவடியில வீட்டை அடமானம் வச்சு அமெரிக்கா போய்ப் படிச்ச பையன், அங்கேயே 500 மணி நேரம் பாடமும் நடத்திட்டு வந்தா, அந்த அனுபவத்தை முழுசா கணக்குல எடுங்க. அதே மாதிரி 250 மணி நேரக் கத்துக்குட்டிக்கு முதல் நாளே முழு அதிகாரமும் வேண்டாம்.

தனியா மேல போற பிள்ளையோட உயிர், கீழே நிக்கிற வாத்தியாரோட தீர்ப்புலதான் இருக்கு. அந்தத் தீர்ப்பை எடை போட ஊருக்கொரு படிக்கல் எதுக்கு?

டிஸ்கி: பைலட் பதிவர்கள் யாராவது இருந்தா பின்னூட்டத்துல சண்டைக்கு வாங்க. ஆட்டோ மட்டும் அனுப்பாதீங்க :-)