ஊர்விலக்கத்துக்கு வரலாற்றைத் துணைக்கு இழுப்பதைக் கண்டிக்கிறோம்

செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில், மாமல்லபுரத்தை அடுத்த ஒரு மீனவ ஊரில், ஆர்.சி. கோயிலை விட்டு ஜெப சபைக்குப் போன சில குடும்பங்களை ஊர்ப் பஞ்சாயத்து ஒதுக்கி வைத்திருக்கிறது. அந்த வீட்டு ஆண்களை யாரும் போட்டில் ஏற்றக் கூடாது, பெண்கள் ஏலத்தில் மீன் எடுக்கக் கூடாது, நல்லது கெட்டதுக்கு யாரும் போகக் கூடாது, மீறினால் தண்டம். அந்தக் குடும்பங்களில் ஒரு மூதாட்டி இறந்தபோது ஊர்க் கல்லறையில் இடம் மறுக்கப்பட்டு, உடல் ஒரு பகல் முழுவதும் வாசலில் கிடந்தது. ஆசிரியர்களும் மீனவர்களும் வரலாற்று ஆர்வலர்களும் சேர்ந்து நடத்தும் எங்கள் சங்கம் இதை வன்மையாகக் கண்டிக்கிறது. ஊரின் பெயரை வெளியிடாமல் விடுகிறோம். வெளியிட்டால் முதலில் அடிபடப் போவது ஒதுக்கப்பட்ட குடும்பங்கள்தான்.

ஊர்க்கட்டுப்பாட்டை நியாயப்படுத்தி ஒரு துண்டறிக்கை வீடு வீடாகப் போயிருக்கிறது. சபைக்குப் போனவர்கள் சதுரங்கப்பட்டினத்து டச்சுக்காரனின் வாரிசுகள், நானூறு வருடத்துக்கு முன்பே நம் முன்னோர் விரட்டிய கூட்டம் திரும்பி வந்திருக்கிறது என்று அது சொல்கிறது. அதற்குப் பதிலாக இன்னொரு துண்டறிக்கையும் வந்தது. மாதா கோயிலில் இருப்பவர்கள் எல்லாரும் கோவாவில் ஆட்களை எரித்தவர்களின் பிள்ளைகள் என்கிறது அது. முதல் அறிக்கைக்குப் பின்னால் ஊரின் பலம் இருக்கிறது, இரண்டாவதற்குப் பின்னால் அடிபட்டவர்களின் ஆத்திரம் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். இரண்டையும் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனாலும் இரண்டையுமே கண்டிக்கிறோம். 17ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையில் நடந்ததை இரண்டுமே திரித்துச் சொல்கின்றன.

1642-இல் பர்மாவின் பெகுவுக்குப் போகும் வழியில் எஃப்ரேம் தெ நெவேர் என்ற பிரெஞ்சு கப்புச்சின் துறவி சென்னப்பட்டினத்தில் இறங்கினார். ஜார்ஜ் கோட்டை எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. கோட்டையின் எஜமானர்கள் பிராட்டஸ்டண்டு ஆங்கிலேயர்கள். கோட்டையை அண்டிப் பிழைக்க வந்தவர்களில் போர்த்துக்கீசியக் கத்தோலிக்கர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் நிறைய இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு சாமியார் தேவைப்பட்டதால் ஆங்கிலேயர் எஃப்ரேமை அங்கேயே தங்கச் சொன்னார்கள். கோட்டைக்குள் கோயில் கட்டவும் இடம் கொடுத்தார்கள்.

சில மைல் தெற்கே சாந்தோமில் இருந்த போர்த்துக்கீசியர்களுக்கு இது பொறுக்கவில்லை. இந்தக் கரையில் பூசை வைக்கும் உரிமை போர்த்துக்கல் அரசரின் அனுமதி பெற்றவர்களுக்கே என்பது அவர்கள் வாதம். எஃப்ரேமோ ரோமாபுரியின் நேரடி அதிகாரத்தில் வந்தவர். 1649-இல் அவரைச் சாந்தோமுக்கு வரவழைத்துப் பிடித்தார்கள். கோவாவுக்குக் கொண்டுபோய் இன்க்விசிஷன் எனப்படும் விசாரணை மன்றத்தின் சிறையில் அடைத்தார்கள். அவர் விடுதலையாகித் திரும்பியதற்கு ஒரு காரணமாக, கோல்கொண்டாவின் தளபதி மீர் ஜும்லா சாந்தோமை முற்றுகையிட்டு நெருக்கியதைப் பிரெஞ்சுப் பயணி தவெர்னியே எழுதிவைத்திருக்கிறார். திரும்பிய எஃப்ரேம் அதே சென்னையில் பல பத்தாண்டுகள் வாழ்ந்து, அதே மக்களுக்குப் பூசை வைத்தார்.

சிறையில் கிடந்தவர் கத்தோலிக்கத் துறவி. சிறை வைத்தவர்கள் கத்தோலிக்கர்கள். அவருக்குக் கோயில் கட்ட இடம் கொடுத்தவர்கள் பிராட்டஸ்டண்டுகள். அவர் விடுதலைக்கு உதவியதாகச் சொல்லப்படும் முற்றுகையை நடத்தியவர் ஒரு முஸ்லிம் தளபதி. நானூறு வருடமாக நம் சனம் ஒரு பக்கம், அவன் சனம் ஒரு பக்கம் என்று எழுதியவர்கள் எஃப்ரேமை எந்தப் பக்கத்தில் நிறுத்துவார்கள்?

டச்சுக்காரர்களின் கதையும் இப்படித்தான். கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் அவர்கள் கோட்டை இன்றும் பாதி இடிந்து நிற்கிறது. உள்ளே செதுக்கு வேலைப்பாடு கொண்ட கல்லறைகள் இருக்கின்றன. அவர்கள் இங்கே வந்தது துணிக்காக. நம் நெசவாளர்கள் நெய்த மெல்லிய துணிதான் அவர்களை இந்தக் கரையில் நிறுத்தியது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை 1602-இல் உருவாக்க முன்னின்றவர் யோஹான் வான் ஓல்டன்பார்னவெல்ட் என்ற அரசியல் தலைவர். கடவுள் யாரை மீட்பார் என்பதை மனிதன் பிறக்கும் முன்பே தீர்மானித்துவிட்டாரா என்ற வாதத்தில் டச்சுச் சீர்திருத்தச் சபை இரண்டாகப் பிளந்தபோது, மாற்றுக் கருத்தாளர்களுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று நின்றவர் அவர். அதோடு படைபலம் யார் கையில் என்ற அரசியல் சண்டையும் கலந்தது. 1619 மே 13 அன்று, எழுபது வயது தாண்டிய அந்தக் கிழவரை அவர் நாட்டாரே தலையை வெட்டிக் கொன்றார்கள். கத்தோலிக்க ஸ்பெயினுக்கு எதிராக வாழ்நாள் முழுவதும் போராடிய சீர்திருத்தச் சபைக்காரரைக் கொன்றதும் அதே சபைக்காரர்கள்தான்.

இவ்வளவையும் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மாற்றாரை ஒடுக்க எடுத்த கோல் அன்று சொந்தச் சபையின் முதுகிலும் விழுந்தது. துண்டறிக்கை அச்சடித்தவர்கள் இதை நின்று யோசிக்க வேண்டும். இன்று சபைக்குப் போனவனை ஒதுக்கும் பஞ்சாயத்து, நாளை கோயில் கணக்குக் கேட்டவனை ஒதுக்கும்.

டச்சுக்காரர்கள் செய்த கொடுமையையும் நாங்கள் மறைக்கவில்லை. 1658-இல் தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம், நாகப்பட்டினம் எல்லாம் போர்த்துக்கீசியரிடமிருந்து அவர்கள் கைக்குப் போயின. அதே ஆண்டிலேயே இலங்கையில் கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை என்று ஆணை போட்டார்கள். மாதா கோயில்கள் சீர்திருத்தச் சபைக் கோயில்களாக மாற்றப்பட்டன. உத்தியோகம் வேண்டுமானால் அவர்கள் சபையில் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும். 1690-ஐ ஒட்டிய ஒரு கிறிஸ்துமஸ் இரவில் யாழ்ப்பாணத்தில் ஒளிந்து கூடி வழிபட்ட கத்தோலிக்கர்களைப் படைவீரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள்.

பலன் என்ன? முத்துக் குளிக்கும் தூத்துக்குடிப் பரதவர்கள் தங்கள் மதத்தை விடவில்லை. யாழ்ப்பாணத்தில் பதிவேட்டில் சீர்திருத்தச் சபையாராக இருந்த பலர் வீட்டுக்குள் ஜெபமாலை உருட்டினார்கள். கோவாவில் பிறந்த ஜோசப் வாஸ் அடிகள் 1687-இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து, இரவு நேரங்களில் வீடுகளில் பூசை வைத்தார். பிறகு அவருக்குக் கண்டியில் இடம் கொடுத்துப் பாதுகாத்தவர் இரண்டாம் விமலதர்மசூரியன் என்ற பௌத்த அரசர். 2015-இல் ஜோசப் வாஸைப் புனிதராக அறிவித்தபோது நம் கரையோரக் கோயில்களிலும் மகிழ்ந்தவர்கள் உண்டு. அந்த மகிழ்ச்சி உண்மையானால், விலக்கப்பட்டவன் வீட்டுக் கதவைத் தட்டிய மனிதரைக் கொண்டாடிவிட்டு, விலக்கப்பட்டவன் வீட்டுக்குப் போனால் தண்டம் என்று சொல்ல எப்படி வாய் வருகிறது?

ஆங்கிலேயர்களும் யோக்கியர்கள் அல்ல. 1680-இல், கத்தோலிக்கரை மணக்கும் பிராட்டஸ்டண்டுகளின் பிள்ளைகள் பிராட்டஸ்டண்டாகவே வளர வேண்டும் என்று ஜார்ஜ் கோட்டை நிர்வாகம் விதித்தது. 1749-இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து சென்னையைத் திரும்பப் பெற்றதும், எதிரிக்கு உதவினார்கள் என்று சொல்லிக் கப்புச்சின்களைக் கோட்டையை விட்டு விரட்டி, பிறகு அவர்கள் கோயிலையும் இடித்தார்கள். எஃப்ரேமுக்கு இடம் கொடுத்த அதே கோட்டையில்தான் இது நடந்தது. வேப்பேரியில் இருந்த கத்தோலிக்கக் கோயில் 1752-இல் ஃபெப்ரீசியுஸ் ஐயரின் பிராட்டஸ்டண்டு மிஷனுக்குப் போனது.

இதில் மதம் எவ்வளவு, வியாபாரம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க 1672-ஐ நினைத்தால் போதும். அதற்குள் போர்த்துக்கீசியர் கையிலிருந்து கோல்கொண்டாவிடம் போயிருந்த சாந்தோமை அந்த ஆண்டு கத்தோலிக்க பிரான்சு பிடித்தது. அதே ஆண்டில் ஐரோப்பாவில் பிராட்டஸ்டண்டு இங்கிலாந்து அந்த பிரான்சோடு சேர்ந்துகொண்டு பிராட்டஸ்டண்டு டச்சுக்காரர்கள் மேல் போர் தொடுத்தது. இங்கேயோ டச்சுக்காரர்கள் கோல்கொண்டா சுல்தானோடு கைகோத்துச் சாந்தோமை முற்றுகையிட்டு, 1674 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரரைச் சரணடைய வைத்தார்கள். மயிலாப்பூரிலும் அதைச் சுற்றியும் இருந்த சனங்கள் பட்ட பாட்டுக்கு எந்தச் சபையின் பெயரை எழுதுவது? நம் முன்னோர் இந்தச் சண்டையில் விரட்டியவர்களும் இல்லை, எரித்தவர்களும் இல்லை. பெரும்பாலோர் துணி நெய்தார்கள், வலை இழுத்தார்கள், கப்பலுக்கும் கரைக்கும் நடுவே படகோட்டினார்கள், யார் வென்றாலும் வரி கட்டினார்கள்.

தன் உறுப்பினரை ஒழுங்குபடுத்த ஒரு சபைக்கு உரிமை இல்லையா என்று ஊர்ப் பெரியவர்கள் எங்களிடம் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 1962-இல் தாவூதி போரா தலைவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், மத விலக்கத்தைத் தடைசெய்த 1949-ஆம் வருட பம்பாய்ச் சட்டத்தைச் செல்லாதென்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு பின்னர் மறுபரிசீலனைக்கு அனுப்பப்பட்டிருந்தாலும், ஒருவருக்குச் சாமியார் நற்கருணை தர மறுத்தால் அது கோயிலின் விவகாரம் என்று நாங்களும் ஒத்துக்கொள்கிறோம். ஆனால் கடல் எந்தக் கோயிலுக்கும் பட்டா ஆகவில்லை. ஏலத்துறையும் குழாயடியும் பொதுச் சொத்து. அங்கே போகத் தடை விதிக்கப் பங்குப் பேரவைக்கோ ஊர்ப் பஞ்சாயத்துக்கோ அதிகாரம் கிடையாது. அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு ஒவ்வொருவருக்கும் தன் மனச்சாட்சிப்படி வழிபடும் உரிமையைத் தருகிறது. அதை ஊர்ப் பெரும்பான்மை எடுத்துக்கொள்ள முடியாது.

கோட்டாட்சியர் நடத்தும் அமைதிப் பேச்சுவார்த்தை பற்றியும் சொல்ல வேண்டும். இதுபோன்ற கூட்டங்களில் வழக்கமாக என்ன நடக்கும் என்பது கரையில் எல்லாருக்கும் தெரியும். ஒதுக்கப்பட்டவர்களை ஊர்க் காலில் விழச் சொல்வார்கள். தண்டத்தைப் பாதியாகக் குறைப்பார்கள். அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டுப் புறப்படுவார். அப்படியொரு சமரசத்தை எங்கள் சங்கம் ஏற்காது. குற்றம் செய்யாதவர் மன்னிப்புக் கேட்கும் கூட்டத்துக்கு எங்கள் ஆட்கள் சாட்சியாகவும் வர மாட்டார்கள்.

ஊர்க்கட்டுப்பாட்டை உடனே விலக்கி, வசூலித்த தண்டத்தைத் திருப்பித் தர வேண்டும். இரண்டு துண்டறிக்கைகளையும் அச்சடித்தவர்கள் மீது பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆவது பிரிவில் வழக்குப் பதிய வேண்டும். கல்லறை விஷயத்தில் மாவட்ட ஆட்சியர் நேரில் தலையிட்டு, எந்தச் சபையாராக இருந்தாலும் புதைக்க இடம் கிடைக்கும் ஏற்பாட்டை எழுத்தில் தர வேண்டும். சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்கி மகாராஷ்டிரச் சட்டமன்றம் 2016-இல் சட்டம் நிறைவேற்றியது. தமிழ்நாடு அரசும் அப்படிச் செய்ய வேண்டும். சாதி மறுப்புத் திருமணம் செய்தவர்களை ஒதுக்கும் ஊர்களுக்கும் அது சேர்த்தே பொருந்தும்.

மறைமாவட்டத்தின் பொறுப்பாளர்களையும் ஜெப சபைகளின் பாஸ்டர்களையும் தனித்தனியே சந்தித்து இந்த அறிக்கையைக் கொடுத்திருக்கிறோம். வரும் ஞாயிற்றுக்கிழமை திருப்பலியிலும் ஆராதனையிலும் அவரவர் மக்களிடம் இந்த ஊர்விலக்கம் தவறென்று வாய்திறந்து சொல்லும்படி கேட்டிருக்கிறோம். அதுவரை அந்தக் குடும்பத்து ஆண்கள் எங்கள் சங்கத்து மீனவர்களின் போட்டில் கடலுக்குப் போவார்கள். தண்டம் போடுவதானால் எங்கள் மேல் போடட்டும்.

இவண்,
சங்கச் செயற்குழு