கோலூன்றித் தாண்டுதலில் பெண்களுக்கெனத் தனி நுட்பம் எதற்கு?

கோலூன்றித் தாண்டுதலில் 2025 டோக்கியோ உலகத் தடகளப் போட்டியில் அர்மாண்ட் டுப்ளாண்டிஸ் எட்டிய உயரம் 6.30 மீட்டர். பெண்களில் யெலெனா இசின்பயேவா 2009இல் சூரிச்சில் தாண்டிய 5.06 மீட்டரை இன்னும் யாரும் மிஞ்சவில்லை. இந்த இடைவெளியைக் காட்டி, பெண்களின் நுட்பமே ஒரு படி குறைவு, அவர்களுக்கு எளிமையான முறையைக் கற்றுக்கொடுத்தால் போதும் என்று பேசுபவர்கள் உண்டு. அது தவறு. ஓடிவரும் வேகம்தான் கோலை வளைத்து உடலை மேலே தூக்குகிறது. அந்த ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். நொடிக்கு 9.5 மீட்டர் வேகம் உடலை ஏறத்தாழ 4.6 மீட்டர் உயர்த்தப் போதுமானது, 8.3 மீட்டர் வேகம் 3.5 மீட்டர்தான் உயர்த்தும். முன்னணி ஆண்களுக்கும் பெண்களுக்கும் உள்ள வேக வித்தியாசம் ஏறக்குறைய இவ்வளவுதான். அதிலேயே ஒரு மீட்டருக்கு மேல் போய்விடுகிறது. ஆண்களின் கூடுதல் உடல் உயரத்தையும் சேர்த்துக்கொண்டால், நுட்பத்தின் மேல் பழிபோட அதிகம் மிஞ்சாது.

பெண்களுக்குத் தோள் வலிமை குறைவு, அதனால் முறையும் மாறத்தான் வேண்டும் என்பது அடுத்த வாதம். வலிமை குறைவு என்பது உண்மை. ஆனால் அதற்கு ஏற்ப மாறுவது கோலின் விறைப்பும் பிடிக்கும் உயரமும்தான், அசைவு மாறுவதில்லை. கடைசி இரண்டு அடிகளில் கைகள் தலைக்கு மேல் உயர வேண்டும். தரையை உதைக்கும் கால், கோலை மேலே பிடித்திருக்கும் கைக்கு நேர் கீழே இருக்க வேண்டும். அந்தக் கால் சற்றே முன்னே போய்விட்டால், கோல் தோளைப் பின்னுக்கு இழுக்கும். ஓடிச் சேர்த்த வேகம் அங்கேயே வீணாகும். வேகம் குறைவாக உள்ளவருக்குத்தான் இந்த இழப்பு கூடுதலாக வலிக்கும். ஆகவே பெண்களுக்குத் தேவை இன்னும் துல்லியமான நுட்பமே. ஆண்களின் முன்னாள் உலக சாதனையாளர் செர்கேய் புப்காவை உருவாக்கிய பயிற்சியாளர் விதாலி பெத்ரோவ்தான் பிறகு இசின்பயேவாவுக்கும் பயிற்சி அளித்தார் என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

பெண்கள் போட்டிகளில் இந்தக் கால் பிழை அடிக்கடி தென்படுகிறதே என்று கேட்கலாம். தென்படுகிறது, அதற்குக் காரணம் உடலமைப்பு என்பதைவிட வரலாறு. ஆண்களுக்கு 1896 முதல் ஒலிம்பிக்கில் இருந்த இந்தப் போட்டி, பெண்களுக்கு 2000இல் சிட்னியில்தான் வந்தது. அங்கே 4.60 மீட்டர் தாண்டித் தங்கம் வென்ற ஸ்டேசி டிராகிலா, ஏழு தடகளப் போட்டிகள் சேர்ந்த ஹெப்டத்லானிலிருந்து வந்தவர். இசின்பயேவா 15 வயதுவரை ஜிம்னாஸ்டிக்ஸ் பயின்றவர். கோலைத் தாமதமாகக் கையில் எடுத்த தலைமுறை அது. பெண்களின் உலக சாதனை 2009க்குப் பிறகு நகரவில்லை, எல்லை வந்துவிட்டது என்பாரும் உண்டு. புப்கா 1993இல் தாண்டிய 6.15 மீட்டரும் 2014வரை அசையவில்லை. அதை வைத்து ஆண்களின் எல்லை அதுதான் என்று நாம் முடிவுகட்டவில்லையே.

2022 தேசிய விளையாட்டுப் போட்டியில் தமிழகத்தின் ரோஸி மீனா பால்ராஜ் 4.20 மீட்டர் தாண்டி, இன்னொரு தமிழக வீராங்கனையான சுரேகாவின் தேசிய சாதனையை முறியடித்தார். அவர்களைப் பார்த்துக் கோலைத் தொட வரும் சிறுமிகளுக்கு, பையன்களுக்குச் சொல்லித்தரும் அதே பாடத்தை, அதே வயதில், அவர்கள் எடைக்குப் பொருந்தும் கோலைக் கொடுத்துச் சொல்லித்தாருங்கள்.